மூக்கை வடிவாப் பார்த்தவர்கள்

பின்னேரங்களில் குருநகர் இறங்குதுறைப் பக்கம் நாங்கள் கூடுவது வழக்கம். வள்ளங்கள் கட்டிக் கிடக்கும், வலை காயும், யாராவது ஒரு புத்தகத்தைப் பற்றியோ படத்தைப் பற்றியோ தொடங்க அது எங்கேயாவது போய் முடியும். எங்களில் ஒருவன் எப்போதும் வரிசையின் இடது அந்தத்தில்தான் வந்து இருப்பான். அங்கே இருந்து கடலைப் பார்த்தால் அவனுடைய வலப்பக்க முகம் மட்டும்தான் மற்றவர்களுக்குத் தெரியும். அது பழக்கம் என்றுதான் கன வருசமாக நினைத்துக்கொண்டிருந்தோம். படம் எடுக்கும்போது அவன்தான் போனை வாங்குவான், ஆகவே ஒரு படத்திலும் அவன் இல்லை. அதையும் நல்ல மனம் என்று நினைத்தோம்.

போன வருசம் ஒருநாள், மூக்குக்கு ஒப்பரேசன் செய்யக் கொழும்புக்குப் போகிறேன் என்றான். கனடாவில் இருக்கும் மாமி காசு அனுப்பச் சம்மதித்திருந்தார். போய் மூன்றாம் நாள் திரும்பி வந்தான், மூக்கு அப்படியே இருந்தது. அந்த டொக்டர் மூக்கை ஐந்து நிமிசம் பார்த்துவிட்டு அரை மணித்தியாலம் வேறு கேள்விகள் கேட்டாராம். ஒரு நாளைக்கு எத்தனை தரம் கண்ணாடி பார்ப்பீர்கள், மூக்கை நினைத்து எதையெல்லாம் விட்டிருக்கிறீர்கள், ஒப்பரேசனுக்குப் பிறகு வாழ்க்கையில் என்ன மாறும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்று. கடைசியில், “இப்ப வெட்டுறது சரிவராது தம்பி. முதல்ல ஒரு மனநல டொக்டரைக் காணுங்கோ” என்று கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

“எனக்கு விசர் எண்டு சொல்லிப்போட்டார் மச்சான்” என்றான் எங்களிடம்.

உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் கோபம்தான் வந்தது. காசு கொடுக்கிறவன் அவன், மூக்கு அவனுடையது, வெட்டுவதற்கு என்ன என்று கதைத்தோம். வீட்டிலோ வேறு கதை. 1993 நவம்பர் 13ஆம் திகதி யாகப்பர் கோயிலின்மேல் குண்டு விழுந்ததைக் கண்ட ஊர் இது. செல் துண்டு முகத்தில் பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு, முழு மூக்கோடு இருக்கிற ஒரு பெடியன் மூக்கு சரியில்லை என்று அழுதால் என்ன தோன்றும்? “கொழுப்பு” என்றார் அவனுடைய அம்மம்மா. எங்களுடைய கோபம், அம்மம்மாவின் ‘கொழுப்பு’, டொக்டரின் கடிதம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அதனால்தான் வாசிக்கத் தொடங்கினோம். இதை எழுத அவனிடம் சம்மதம் கேட்டோம், அடையாளம் தெரியக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறோம். அவனுக்கு இன்ன நோய் என்று சொல்ல நாங்கள் வரவில்லை, அது எங்கள் வேலையும் இல்லை.

முதலில் எங்கள் தமிழில் மூக்கு படுகிற பாட்டைப் பாருங்கள். அவமானப்பட்டால் மூக்கறுபட்டான், தோற்றால் மூக்குடைபட்டான், தேவையில்லாமல் வந்தால் மூக்கை நுழைத்தான். பொம்பிளை பார்த்துவிட்டு வந்து திருப்தியென்றால் “மூக்கும் முழியுமா இருக்கிறாள்” என்பார்கள். மரியாதையும் அழகும் இரண்டும் மூக்கில்தான் தொங்குகின்றன. இது வெறும் பேச்சுவழக்கு மட்டும் இல்லை. இராமாயணத்தில் சூர்ப்பணகைக்குக் கிடைத்த தண்டனையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1650களில், திருமலை நாயக்கரின் கடைசிக் காலத்தில், மைசூர் மன்னன் கண்டீரவ நரசராசனின் படை சத்தியமங்கலம் வழியாக மதுரைச் சீமைக்குள் இறங்கிக் கண்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டை மூட்டையாகத் தங்கள் அரசனுக்கு அனுப்பியது. மதுரைக்காக இராமநாதபுரம் சேதுபதி படை திரட்டி வந்து மறித்தார். பிறகு மதுரைப் படை மைசூர்ப் பக்கம் போய் அதே வேலையைச் செய்தது. அந்தக் காலத்து இயேசு சபைக் குருமாரின் கடிதத்தில் இந்தக் கதை இருக்கிறது. மூக்கறுப்புப் போர் என்றே அதற்குப் பெயர். ஆளைக் கொல்லாமல் மூக்கை மட்டும் எடுத்தால் அவன் சாகும்வரை தோல்வியை முகத்தில் சுமப்பான் என்பதுதான் இரு பக்கமும் விளங்கி வைத்திருந்த கணக்கு.

மூக்கு வெட்டுகிற ஊரில் மூக்கு ஒட்டுகிறவர்களும் இருப்பார்கள்தானே. சுசுருத சங்கிதையில் அந்த முறை எழுதப்பட்டிருக்கிறது. அறுபட்ட மூக்கின் அளவுக்கு ஒரு இலையை எடுத்து, அந்த அளவிலே கன்னத்துத் தோலை ஒரு பக்கம் விடாமல் கிளப்பி, மூக்கின்மேல் பொருத்தித் தைத்து, மூச்சு விட இரண்டு குழாய் வைக்க வேண்டும். கன்னத்துக்குப் பதிலாக நெற்றித் தோலை எடுக்கிற முறை பிறகு பரவியது. உலகம் முழுக்க அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு மாட்டுவண்டிக்காரனின் முகம்.

கவாஸ்ஜி என்ற அந்த மராட்டியர் 1792இல் ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டியவர். திப்பு சுல்தானின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஒரு வருசத்துக்கு மேல் மூக்கில்லாமல் இருந்தபின், பூனாவுக்குப் பக்கத்தில் ஒருவர் அவருக்குப் புது மூக்கு வைத்துக் கொடுத்தார். பம்பாய் மாகாணத்து ஆங்கில டொக்டர்கள் இருவர் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். மெழுகால் ஒரு மூக்குச் செய்து, அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடு போட்டு, அந்த அளவுக்குத் தோலைக் கிளப்பி, இரு கண்ணுக்கும் நடுவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் விட்டு, மிச்சத்தைத் திருப்பிக் கீழே கொண்டுவந்து பொருத்தினார். அந்தத் துண்டு வழியாகத்தான் இரத்தம் ஓடும். ஒட்டுவதற்குக் காசுக்கட்டிக் குழம்பு. ஏறக்குறைய இருபத்தைந்தாம் நாள் அந்தத் துண்டை வெட்டிவிட்டார்.

1794 ஒக்டோபரில் லண்டன் ‘ஜென்டில்மன்ஸ் மகசீன்’ இதைப் படத்தோடு கடிதமாகப் போட்டது. அதைப் பார்த்து ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் நெடுநாள் படித்துப் பழகி, 1814இல் ஒரு படை அதிகாரிக்குச் செய்து, 1816இல் புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பாவின் நவீன மூக்கு அறுவை அங்கிருந்துதான் மறுபடி தொடங்குகிறது. அதற்கு இருநூறு வருசம் முந்தி இத்தாலியில் தலியாகோட்சி கைத்தோலை எடுத்து மூக்குச் செய்திருந்தார், ஆனால் அந்த வித்தை பெரும்பாலும் மறக்கப்பட்டிருந்தது.

எங்களுக்கு அந்தக் கடிதத்தில் உறுத்துவது வேறொன்று. வண்டிக்காரனின் பெயர் இருக்கிறது. அறுவை செய்தவரின் பெயர் இல்லை. செங்கல் அறுக்கும் சாதிக்காரர் ஒருவர் என்று மட்டும் எழுதியிருக்கிறது. நூறு வருசம் கழித்து அப்படிப்பட்டவர்களின் மூக்கை வைத்தே அவர்களை ஏணியின் எந்தப் படியில் நிறுத்துவது என்று ஒருவர் கணக்குப் போட்டார். அதற்கு வருகிறோம்.

அதற்கு முன் ஒன்று. கவாஸ்ஜியின் மூக்கு இல்லை என்பதில் கவாஸ்ஜிக்கும், அறுவை செய்தவருக்கும், தெருவில் போகிறவருக்கும் ஒரே கருத்துத்தான். என்ன குறை, என்ன செய்தால் தீரும் என்பதில் வாக்குவாதத்துக்கு இடமே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில்தான் வெட்டுப்படாத, மூச்சு வடிவாக ஓடுகிற, முழு மூக்கோடு மனிசர் டொக்டரிடம் போகத் தொடங்கினார்கள். 1887இல் நியூயோர்க் மாநிலம் ரொச்செஸ்டரில் ஜோன் ஓர்லாண்டோ ரோ என்ற மருத்துவர் சப்பை மூக்கைத் திருத்தும் அறுவை பற்றி எழுதினார். 1891இல் மேடு தட்டிய மூக்கைப் பற்றி எழுதினார். மூக்கின் உள்ளுக்குள்ளால் செய்வது, வெளியே தழும்பு தெரியாது. அந்தக் காலத்து அமெரிக்காவில் சப்பை மூக்கு என்றால் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளின் மூக்கு என்று கேலிச்சித்திரம் போடுவார்கள்.

பேர்லினில் ஜாக் ஜோசப் என்ற யூத மருத்துவர். 1896இல் காது பெரிதாக இருந்த ஒரு பையனுக்கு, மற்றப் பிள்ளைகளின் பகிடி தாங்காமல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்றவனுக்கு, காதைச் சின்னதாக்கிக் கொடுத்தார். அதற்காக வேலை போனது. வருத்தம் இல்லாத உறுப்பில் கத்தி வைத்ததுதான் குற்றம். இரண்டு வருசம் கழித்து, மூக்கு பெரிதென்று ஆட்களிடமே போகாமல் இருந்த ஒரு நிலக்காரருக்கு மூக்கைக் குறைத்தார். பேர்லின் மருத்துவச் சங்கத்தில் அவர் வைத்த வாதம் எளிதானது. இந்த ஆளின் மனத்துன்பம் உண்மையானது, மூக்கைக் குறைத்ததும் துன்பம் போய்விட்டது, ஆகவே இதுவும் வைத்தியம்தான். ‘மூக்கு ஜோசப்’ என்றே பிறகு அவரை ஊர் கூப்பிட்டது. யூதரை மூக்கை வைத்து அடையாளம் காட்டிக் கேலி செய்த நகரத்தில், அடையாளம் தெரியாமல் நடமாட விரும்பிய பலர் அவரிடம் போனார்கள். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கும் அவர் வேலை செய்தார். நாசிகள் ஆட்சிக்கு வந்த மறுவருசம், 1934இல், இறந்துபோனார்.

ஜோசப்பை வில்லனாக்க எங்களுக்கு மனம் வரவில்லை. பகிடிக்குப் பயந்து பள்ளிக்கூடம் போகாத பிள்ளையை “கொழுப்பு” என்று சொல்லாமல் நம்பியவர் அவர். ஆனால் அவர் வாதத்தில் ஒரு ஓட்டை இருந்தது. மனத்துன்பம் உண்மை என்றால் அதற்கு மருந்து மூக்கில்தான் இருக்க வேண்டுமா?

இனி 1891. அந்த ஒரு வருசத்தை இன்னொருமுறை பார்க்கலாம். அமெரிக்காவில் ரோ மேட்டு மூக்கை வெட்டுவது பற்றி எழுதிய அதே வருசம், வங்காளத்தில் ஆங்கில அதிகாரி ஹேர்பெர்ட் ரிஸ்லி ஆயிரக்கணக்கான ஆட்களின் மூக்கைக் கருவியால் அளந்து முடித்துக் கட்டுரை வெளியிட்டார். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு எண் வரும். 70க்குக் கீழே என்றால் ஒடுங்கிய மூக்கு, 85க்கு மேலே என்றால் அகன்ற மூக்கு. ஒரு சாதியின் சராசரி மூக்கு அகலக் கூட, சமூகத்தில் அதன் இடம் குறையும் என்றார் ரிஸ்லி. 1901 குடிசன மதிப்பீட்டுக்குப் பொறுப்பாக வந்தவரும் அவர்தான். சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்கார் தேர்ஸ்டன் இதே கருவிகளோடு தென்னிந்தியா முழுக்கத் திரிந்தார். அருங்காட்சியகத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அளந்தார். 1909இல் அவருடைய ஏழு தொகுதிகள் வந்தபோது சாதிப் பெயர்களுக்குப் பக்கத்தில் மூக்குக் கணக்கும் இருந்தது. எங்கள் தீவில் பாசலிலிருந்து வந்த சரசின் உறவினர் இருவர் வேடர்களை அளந்து, பக்கத்திலேயே தமிழரையும் சிங்களவரையும் வைத்து ஒப்பிட்டு, 1892-93இல் பெரிய ஜேர்மன் நூலாகப் போட்டார்கள்.

ரிஸ்லியின் கணக்கு நிற்கவில்லை. 1932இல் ஜி. எஸ். குரியே அதே தரவுகளைத் திருப்பிப் பார்த்து, வடக்கில் ஒரு பகுதியைத் தவிர மற்ற இடங்களில், தெற்கில் குறிப்பாக, சாதிப் படிக்கும் மூக்கு அகலத்துக்கும் அந்தச் சம்பந்தம் இல்லை என்று காட்டினார். மூக்கின் அகலம் காலநிலையோடு சம்பந்தப்பட்டது என்று 1923இலேயே தொம்சனும் பக்ஸ்டனும் எழுதியிருந்தார்கள். 2017இல் வந்த ஒரு மரபணு ஆய்வும் நாசித் துவாரத்தின் அகலம் வெப்பத்தோடும் காற்றின் ஈரத்தோடும் சேர்ந்து மாறுகிறது என்றது. குளிர்ந்த வறண்ட காற்றை நெஞ்சுக்குள் விடமுன் சூடாக்கி ஈரமாக்க ஒடுங்கிய மூக்கு வசதி. எங்கள் கடற்காற்றுக்கு அந்தக் கரைச்சல் இல்லை.

ஆனால் கணக்கு விழுந்தாலும் பார்வை விழவில்லை. “முகத்தைப் பாத்தே எந்தப் பகுதி எண்டு சொல்லிப்போடுவன்” என்று பெருமையடிக்கிற பெரிசுகளை யாழ்ப்பாணத்தில் இப்போதும் காணலாம். அவர்கள் ரிஸ்லியை வாசித்ததில்லை, வாசிக்கத் தேவையும் இல்லை. குருநகர், பாசையூர் என்று ஊர்ப் பெயரைச் சொன்னதும் முகத்தை இன்னொருமுறை பார்க்கிறவர்களைச் சந்திக்காத ஆள் எங்கள் கூட்டத்தில் இல்லை.

மூன்றாவது ஆளும் 1891தான். இத்தாலியின் ஜெனோவாவில் என்ரிக்கோ மொர்செல்லி என்ற மனநல மருத்துவர் ஒரு புது நோய்க்குப் பெயர் வைத்தார், டிஸ்மோபோபோபியா என்று. தன் உருவம் கோணலாகிவிட்டது என்ற பயம். அதே கட்டுரையில் உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயத்துக்கும் பெயர் வைத்தார், அந்தக் காலத்து ஐரோப்பாவில் அது பரவலான பயம். அவர் வர்ணித்த நோயாளி சாப்பிடும்போதும், கதைக்கும்போதும், வேலை செய்யும்போதும் திடீரென்று நின்றுவிடுவார். நெற்றி உள்ளே போய்விட்டதோ, மூக்கு வளைந்துவிட்டதோ என்று ஒரு சந்தேகம் வந்து பிடிக்கும். ஓடிப்போய்க் கண்ணாடி பார்ப்பார், தொட்டுப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். கொஞ்சம் ஆறுதல், பிறகு மறுபடியும் முதலிலிருந்து. மொர்செல்லி சொன்னதில் முக்கியமானது இதுதான்: அந்த ஆளுக்கு உண்மையில் கோணல் ஒன்றும் இல்லை, ஆனால் துன்பம் முழுக்க உண்மை.

ஒருவர் மூக்கை வெட்டினார், ஒருவர் அளந்தார், ஒருவர் மூக்கால் வருந்துகிறவனின் மனதைப் பார்த்தார். மூவரும் ஒருவரை ஒருவர் வாசித்திருப்பார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. முதல் இருவருடைய வேலையும் உலகம் முழுக்கப் பரவியது. மொர்செல்லியின் சொல் மனநல ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே கிடந்தது.

இடையில் ஒரு ஆள் மட்டும் புகழ் பெற்றார், வேறு பெயரில். சிக்மண்ட் பிராய்டின் ‘ஓநாய் மனிதன்’ என்று உளப்பகுப்பாய்வு வாசித்தவர்களுக்குத் தெரிந்த ரஷ்யப் பிரபு செர்கேய் பங்கெஜெப். பிராய்ட் குணப்படுத்தி அனுப்பிக் கன வருசத்துக்குப் பிறகு, 1926இல், மறுபடி சிகிச்சைக்கு வந்தார். இந்த முறை முழுக்க மூக்கு. மூக்கில் ஒரு சுரப்பிக்குத் தோல் டொக்டரிடம் வைத்தியம் செய்திருந்தார், அது பள்ளமாக நின்றுவிட்டது, எல்லாரும் அதையே பார்க்கிறார்கள் என்ற நினைப்பு. சட்டைப் பையில் சின்னக் கண்ணாடி. கடைக் கண்ணாடி ஒவ்வொன்றிலும் நின்று பார்ப்பார், பவுடர் போடுவார், துடைப்பார், மறுபடி பார்ப்பார். பார்த்த டொக்டர்கள் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றார்கள். ரூத் மாக் பிரன்ஸ்விக் அவருக்குச் சிகிச்சை செய்து 1928இல் எழுதிய கட்டுரையில் உளப்பகுப்பாய்வு விளக்கம் நிறைய இருக்கிறது, அதில் பாதி எங்களுக்கு ஒட்டவில்லை. ஆனால் அந்தச் சட்டைப்பைக் கண்ணாடியை வாசித்த இடத்தில் நாங்கள் நிறுத்திவிட்டோம். எங்கள் ஆள் போனின் முன் கமராவை எத்தனை தரம் திறப்பான் என்று யோசித்தோம்.

பிறகு வரலாறு வேகமாகப் போகிறது. 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் எட்ஜர்ட்டன் குழுவினர், சின்னக் குறை ஒன்றுக்காக அழகு அறுவை கேட்டு வந்த 98 பேரை மனநல மருத்துவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். அமெரிக்க மனநலக் கையேட்டில் 1980இல் மொர்செல்லியின் சொல் ஒரு ஓரத்தில் வந்தது. 1987இல் ‘பொடி டிஸ்மோபிக் டிஸோடர்’ என்ற இன்றைய பெயரோடு தனி நோயாக நின்றது. 2013இல், கையை நூறு தரம் கழுவ வைக்கிற அந்த ஓ.சி.டி. நோயின் குடும்பத்தில் அதைச் சேர்த்தார்கள். மற்றவர்களுக்குத் தெரியாத, அல்லது தெரிந்தாலும் மிகச் சிறிதான ஒரு குறையையே நினைத்துக்கொண்டிருப்பது, அதைப் பார்க்க, மறைக்க, ஒப்பிட, கேட்கத் திரும்பத் திரும்ப எதையாவது செய்வது, அதனால் படிப்போ வேலையோ உறவோ கெடுவது. இவ்வளவும் சேர்ந்தால்தான் நோய். சாதாரணமாக முகத்தில் பரு வந்தால் வருகிற கவலை இது இல்லை. நூறு பேரில் ஏறக்குறைய இரண்டு பேருக்கு இருக்கிறது. ஆணும் பெண்ணும் கிட்டத்தட்டச் சமம். பெரும்பாலும் பதினெட்டு வயதுக்கு முன்னமே தொடங்கிவிடும். தற்கொலை எண்ணம் இவர்களிடம் மிக அதிகம் என்பதால்தான் இதைப் பகிடியாக எடுக்க ஏலாது.

மூக்குக்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் 2011இல் எண்ணாக வந்தது. பெல்ஜியத்தின் லூவனில் மூக்கு அறுவை கேட்டு வந்த 226 பேரை வலேரி பிகவே குழுவினர் பரிசோதித்தார்கள். 33 வீதத்தினருக்கு இந்த நோயின் அறிகுறிகள் நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தன. அறிகுறி இருப்பதும் நோய் என்று உறுதியாவதும் ஒன்றில்லை, கவனமாக வாசிக்க வேண்டும். ஆனால் அதே ஆய்வில் எங்களை உலுக்கியது வேறு: டொக்டர்கள் பார்த்து மூக்குக்குப் போட்ட புள்ளிக்கும், அந்த ஆள் தன் மூக்குக்குப் போட்ட புள்ளிக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. மூக்கை அளந்து துன்பத்தைக் கண்டுபிடிக்க ஏலாது.

கத்தி உதவுமா? 2010இல் கனிஸ் கிரெராண்டும், இந்த நோயைப் பற்றி ‘உடைந்த கண்ணாடி’ என்று 1996இலேயே புத்தகம் எழுதிய கதரின் பிலிப்ஸும் மற்றவர்களும் நோயுள்ள 200 பேரின் கதையைப் பார்த்தார்கள். அவர்கள் செய்துகொண்ட அறுவைகளில் மூக்குத்தான் முதலிடம். செய்துகொண்ட அழகுச் சிகிச்சைகளில் 2.3 வீதம் மட்டுமே நோயை நீண்ட காலத்துக்குக் குறைத்தன. சிலருக்கு மூக்கு பிடித்துப்போய், கவலை நாடிக்கோ தலைமயிருக்கோ மாறியது. சிலர் இன்னொரு தரம் வெட்டப் போனார்கள். ஜோசப்பின் வாதத்தில் இருந்த ஓட்டை நூற்றுப்பத்து வருசத்துக்குப் பிறகு எண்ணாகத் தெரிந்தது.

இதை வைத்து, மூக்கைத் திருத்த நினைக்கிற எல்லாரும் நோயாளி என்று யாரும் ஓடிவர வேண்டாம். லூவனில் மூன்றில் இரண்டு பங்குக்கு அந்த அறிகுறி அவ்வளவாக இல்லை. கிரிக்கெட் பந்து பட்டு எலும்பு கோணியவர், மூச்சு அடைக்கிறவர், பிறவியில் உதடும் மூக்கும் பிளந்தவர், அல்லது வெறுமனே மூக்கு கொஞ்சம் சின்னதாக இருந்தால் நல்லம் என்று நினைத்து அதைச் செய்துவிட்டு வேலையைப் பார்க்கிறவர், இவர்களுக்கு அறுவை நல்லதையே செய்திருக்கிறது. பிரித்துப் பார்ப்பதுதான் டொக்டரின் வேலை. கொழும்பில் அந்த டொக்டர் அரை மணித்தியாலம் கேள்வி கேட்டது அதற்குத்தான் என்று இவ்வளவு வாசித்த பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. காசை வாங்கிக்கொண்டு வெட்டியிருந்தால் நாங்கள் அவரைப் புகழ்ந்திருப்போம்.

யாழ்ப்பாணத் தமிழில் ‘வடிவு’ என்றால் அழகு. ‘வடிவாப் பார்’ என்றால் கவனமாகப் பார். இந்த நோயில் இரண்டு வடிவும் ஒன்றையொன்று தின்கின்றன. லொஸ் ஏஞ்சல்ஸில் ஜேமி பியூஸ்னரின் குழு 2007இல் மூளைப் படம் எடுத்துச் செய்த சிறிய ஆய்வொன்றில், நோயுள்ளவர்களின் மூளை முகத்தை முழுசாகப் பார்ப்பதைவிடத் துண்டு துண்டாக, நுணுக்கமாகப் பார்க்கிற பக்கத்துக்குச் சாய்ந்திருந்தது. வடிவாகப் பார்க்கப் பார்க்க வடிவு தெரியாமல் போகும். ஒரு சொல்லை இருபது தரம் சொல்லிப் பாருங்கள், அர்த்தம் போய்ச் சத்தம் மட்டும் நிற்கும். அதுபோலத்தான்.

இதற்குள் போன் வேறு. 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பன்னிரண்டு அங்குலத்தில் பிடித்த செல்பியில் மூக்கு, ஐந்து அடியில் எடுத்த படத்தைவிட ஏறக்குறைய 30 வீதம் அகலமாகத் தெரியும். கமராவுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரியும், முகத்தில் மூக்குத்தான் முன்னுக்கு நிற்கிறது. எங்களில் நால்வர் இறங்குதுறையில் அடிமட்டத்தோடு நின்று செய்து பார்த்தோம். வலை பொத்திக்கொண்டிருந்த ஐயா ஒருவர் “என்ன பிள்ளையள், மூக்கு விக்கப் போறியளோ” என்று கேட்டார். ரிக்ரொக் பில்டர் மூக்கை ஒடுக்கிக் காட்ட, சாதாரணக் கமரா அகட்டிக் காட்ட, நடுவில் இருக்கிற உண்மை மூக்கை யாருமே பார்ப்பதில்லை.

இனிச் சொல்ல வேண்டியது எங்களைப் பற்றி. எங்கள் ஆளின் மூக்கு நீளம், ஒடுக்கம், நுனி கொஞ்சம் வளைவு. ரிஸ்லி அளந்திருந்தால் நல்ல புள்ளி போட்டு உச்சியில் ஏற்றியிருப்பார். பள்ளிக்கூடத்தில் அதற்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: கறிமிளகாய். எட்டாம் வகுப்பில் தொடங்கி ஓ.எல். முடியும்வரை, கன்ரீனில், விளையாட்டுப் போட்டியில் பெயர் கூப்பிடும்போது, அவன் தங்கச்சி முன்னால்கூட. வைத்தது யார் என்று இப்போது நினைவில்லை என்று எழுதத்தான் முதலில் நினைத்தோம். நினைவிருக்கிறது. இதை எழுதுகிறவர்களில் இருவர். பகிடி மட்டும் இந்த நோயைக் கொண்டுவராது, பரம்பரையும் மூளையின் இயல்பும் வேறு பலதும் சேர வேண்டும் என்று வாசித்தோம். பகிடி பட்ட கதை இந்த நோயாளிகளிடம் அடிக்கடி வரும் என்றும் அதே பக்கங்களில்தான் வாசித்தோம். முதல் வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு தப்ப ஏலாது.

அவனிடம் போய்ச் சொன்னோம். “அது எப்பவோ மறந்திட்டன்” என்றான், கடலைப் பார்த்துக்கொண்டு.

இன்னொன்றும் பிழையாகச் செய்திருக்கிறோம். “உன்ர மூக்குக்கு ஒண்டும் இல்லையடா, விடு” என்று ஆயிரம் தரம் சொல்லியிருப்போம். மொர்செல்லியின் நோயாளி பக்கத்தில் இருப்பவரைக் கேட்பாரே, அந்தப் பக்கத்து ஆள் நாங்கள்தான். ஒவ்வொரு தரம் ஆறுதல் சொல்லும்போதும் அடுத்த தரம் கேட்க வைக்கிறோம். இப்போது மூக்கைப் பற்றிக் கேட்டால் மூக்கைப் பற்றிப் பதில் சொல்வதில்லை, “இண்டைக்குக் கரைச்சலா இருக்கோ” என்று கேட்கிறோம். இதற்குப் பலன் தருகிற வைத்தியம் இருக்கிறது. கண்ணாடி பார்ப்பதையும் மறைப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, பயந்து விலகிய இடங்களுக்குப் படிப்படியாகப் போகப் பழக்குகிற பேச்சுச் சிகிச்சை ஒன்று. ஓ.சி.டி.க்குக் கொடுக்கிற வகை மருந்து மற்றொன்று. விசர் என்ற சொல் இரண்டிலும் இல்லை. இலங்கையில் மனநல உதவிக்குத் தேசிய தொலைபேசி இலக்கம் 1926. பங்கெஜெப் கண்ணாடியோடு திரும்பி வந்த வருசமும் அதுதான், நினைவில் வைக்க லேசு.

அந்தக் கொழும்புக் கடிதம் ஐந்து மாதம் அவன் மேசை லாச்சிக்குள் கிடந்தது. அம்மம்மாதான் எடுத்து வாசிக்கச் சொன்னாராம், கண் தெரியாது. வாசித்தபிறகு “கொழுப்பு” என்று சொல்லவில்லை. முதல் கிளினிக்குக்கு அவர்தான் கூடப் போனார். இரண்டாவது யாகப்பர் பெருநாள் முடிந்து வருகிற கிழமை. அதற்கு எங்களில் ஒருவர் போகிறோம், வரிசை நீளம் என்று கேள்வி, வாசிக்க ஏதாவது கொண்டு வா என்று சொல்லியிருக்கிறான்.